உச்சிவேளையில் கூட்டிய வீடு

பேய்க்குக் கால் உண்டா இல்லையா என்பதைப் பட்டப்பகலில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தவன் மாத்தளை மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கும். அது எழுபதுகளின் முற்பகுதி. பாண் ரொட்டிக்குக் கியூ, அரிசிக்குத் தடை, மரவள்ளிக்கிழங்கு மட்டும் தாராளம் என்றிருந்த காலம். எனக்கு நாற்பது தாண்டி, தொந்தியும் முதுகுவலியும் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

உயர்தர வகுப்புக்குச் சரித்திரம் எடுத்தவர் இடமாற்றம் கிடைத்துப் போனார். அந்த நாற்காலியின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் விடுமுறையில் தம்புள்ளைப் பக்கம் ஒரு புதைபொருள் பயிற்சி முகாம் நடக்கப்போவதாகவும், பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் நடத்துவதாகவும், ஆசிரியர்களும் சேரலாம் என்றும் சொன்னார். முழுதாக முடித்துக்கொண்டு வந்தால் வகுப்பு எனக்கு. "பாதியில ஓடி வந்தீங்கன்னா வேற ஆளுக்கு" என்றார்.

அந்த 'ஓடி வந்தீங்கன்னா' சும்மா சொன்னதல்ல. வகுப்புக்குள் ஒரு வௌவால் நுழைந்தபோது, பிள்ளைகளை முந்திக்கொண்டு முதல் ஆளாக வெளியேறிய ஆசிரியர் என்ற பெயர் எனக்கு உக்குவளை ஸ்டேஷன் வரைக்கும் பரவியிருந்தது.

புதைபொருள் என்றால் புதைத்த பொருள். புதைத்தது யாரை என்று யாரும் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மனைவி மாத்தளை மாரியம்மன் கோயில் விபூதியை ஒரு பொட்டலம் கட்டித் தந்தாள். பக்கத்து வீட்டு வேதக்கார அம்மா மாதா பதக்கம் ஒன்று தந்தார். கடைத்தெரு முஸ்லிம் முதலாளி ஒருவர் ஓதிக் கட்டிய தாயத்தும், கூடப் படிப்பித்த சிங்கள ஆசிரியர் பன்சலையில் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூலும் தந்தார்கள். நாலு சமயமும் என் உடம்பில், தம்புள்ளை பஸ்ஸில் நாங்கள் போனது மாதிரியே, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பிரயாணம் செய்தன.

அப்போது தம்புள்ளை ஒரு சந்தி, நாலு கடை, ஒரு மலை. சந்தியில் இறங்கி, வண்டிப்பாதையில் நடந்து, வற்றிப்போன ஒரு குளத்தின் கட்டைத் தாண்டினால் காடு. காட்டுக்குள் ஒரு வெட்டவெளி. வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். மரங்கள் எல்லாம் பாதி இலை உதிர்த்து, எலும்பு மாதிரி வெள்ளையாக நிற்கும். அந்த இடத்தில்தான், இந்த நாட்டில் ராஜா என்று ஒருவர் வருவதற்கு முன்னாலேயே ஆட்கள் வீடு கட்டி, அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறார்கள் என்றார் பேராசிரியர்.

பேராசிரியர் சிங்களவர். யாழ்ப்பாணத்தில் சில காலம் இருந்து புத்தகத் தமிழ் கற்றவர். "மாஸ்டர், நீங்கள் அமருங்கள், உங்கள் முதுகு வருந்தும்" என்று பேசுவார். அவர் முன்னால் என் மலைநாட்டுத் தமிழுக்கு இடுப்பில் துண்டு கட்ட வேண்டும் போலத் தோன்றும். மாணவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். மண் வெட்ட அந்த ஊர்ச் சிங்கள ஆட்கள் சிலர். சமையலுக்கு மட்டும் எங்கள் உக்குவளையிலிருந்தே ஒரு முஸ்லிம் நானா வந்திருந்தார். மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் ஏமாற்றத் தெரிந்த மனிதர். மற்றவர்களை விட்டுவிட்டு, என்னைக் கேலி செய்வதற்கென்றே அவரை அனுப்பி வைத்தார்களோ என்று நினைப்பேன்.

வேலை இப்படி: ஆணி அடித்து நூல் கட்டிச் சதுரம் பிரிப்பார்கள். ஊர் ஆட்கள் மண்வெட்டியால் மேல்மண்ணை எடுப்பார்கள். பிறகு நாங்கள் மேசன் கரண்டியோடு குந்தி, மயிர் வழிப்பது போல மண்ணை வழிப்போம். எடுத்த மண்ணைச் சல்லடையில் அரித்துக் குழியோரம் மேடாகக் குவிப்போம். எலும்போ ஓடோ வந்தால் கடதாசிப் பையில் போட்டு, நம்பர் எழுதிக் கட்டுவோம். இடுப்பளவு ஆழம் போன பிறகுதான் தரை மட்டமானது. மட்டமான தரையில் அங்கங்கே கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தேநீர்க் கோப்பைத் தட்டு அளவு.

"தூண் நின்ற இடம்" என்றார் பேராசிரியர். மரம் உக்கி மண்ணாகிவிட்டாலும், அது நின்ற குழியின் மண் மட்டும் கறுத்தே இருக்குமாம். தூண் இல்லை, தூண் இல்லாத இடம் இருக்கிறது. வட்டங்களை எண்ணிக் கொண்டே சுற்றி வந்தவர், இரண்டு வட்டங்களுக்கு நடுவில் இடைவெளி கூடுதலாக இருந்த ஓர் இடத்தில் நின்று, "இது வாசல்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டு நகர்ந்தேன். அழைக்காத வீட்டுக்குள் செருப்போடு நிற்பது போல ஓர் உணர்வு.

அடுத்த நாள் சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு களிமண் கட்டி கிடைத்தது. சுவர் பூசியவரின் விரல் தடங்கள் அதில் அப்படியே பதிந்திருந்தன. பேராசிரியர் என் கையைப் பிடித்து, என் விரல்களை அந்தத் தடங்களில் வைத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தின. கட்டி வெயிலில் கிடந்ததுதான். ஆனாலும் உள்ளே சில்லென்று இருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குளத்தில் மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீருக்குப் போய்க் கையைக் கழுவினேன். யாரோ கைகொடுத்துவிட்டு இன்னும் விடாமல் இருப்பது போல அன்று முழுக்க விரல் நுனி மதமதவென்றிருந்தது.

அந்த ஊர் ஆட்கள் உச்சிவேளையில் குழிப்பக்கம் இருக்க மாட்டார்கள். சூரியன் தலைக்கு மேல் வந்து நிழல் காலுக்குள் ஒளிந்துகொள்ளும் நேரம் யக்காக்கள் என்கிற பேய்களின் நேரம் என்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் அதேதான். உச்சிநேரத்தில் முனி நடக்கும், அதன் பாதையில் குறுக்கே போகாதே என்பார்கள். இந்த நாட்டில் இரண்டு சனங்களும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போனோம். ஆகவே வெயில் உச்சிக்கு ஏறினதும் எல்லோரும் குளக்கட்டு மரநிழலுக்குச் சாப்பிடப் போய்விடுவோம். போகும் முன் தரையைச் சுத்தம் செய்துவிட்டு, கடைசியாக ஏறுபவர் தன் கால்தடத்தைத் தானே பிரஷ்ஷால் அழித்துக்கொண்டு பின்பக்கமாக வந்து ஏற வேண்டும். படம் எடுப்பதற்காக அப்படி ஒரு முறை.

ஒருநாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, தரையைப் பார்த்து எல்லோரும் நின்றுவிட்டோம். யாரோ கூட்டியிருந்தார்கள்.

பிரஷ் தடமல்ல, விளக்குமாற்றுத் தடம். அரைவட்டம் அரைவட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று. பேராசிரியர் மாணவர்களைக் கேட்டார். ஊர் ஆட்களைக் கேட்டார். எல்லோரும் எங்களோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாராவது விளையாடியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கச் சொன்னார். நான் மட்டும் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாங்கள் கூட்டினால் நாலு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கூட்டுவோம். நடுவில்தான் வாளி இருக்கும். இது அப்படியில்லை. பின்சுவர்ப் பக்கம் தொடங்கி, மூலைகளை எடுத்து, முன்னால் வந்து, அந்த இரண்டு கறுப்பு வட்டங்களுக்கு நடுவால் குப்பை வெளியே தள்ளப்பட்டிருந்தது.

"சேர், இது குழியைக் கூட்டினதில்ல. வீட்டைக் கூட்டினது" என்றேன்.

என் வாயை நான் மூடிக்கொண்டிருக்கலாம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வாசலை விட்டு ஓர் எட்டுத் தள்ளி நின்றார்கள். சிங்களத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட ஊர் ஆட்கள், வாசலைத் தவிர்த்து, சுவர்ப் பக்கமாகச் சுற்றி இறங்கத் தொடங்கினார்கள். பேராசிரியர் சிரித்தார். ஆனால் அவரும் அந்த வாசலை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

மறுநாளும் கூட்டப்பட்டிருந்தது. அதற்கடுத்த நாள் பேராசிரியர் எனக்கு ஓர் உத்தியோகம் தந்தார். குனிய முடியாத முதுகு. அதனால் மற்ற வேலைக்கு ஆகாத ஆள். ஆகவே உச்சிவேளையில் குழிக்குக் காவல். வீட்டின் பின்புறம் நின்ற விளாமரத்தடியில் அடுத்த சதுரம் வெட்டத் திட்டம். வீட்டுக்குப் பின்னால்தான் அடுப்படி இருக்கும், அடுப்பு கிடைத்தால் கரி கிடைக்கும், கரி கிடைத்தால் வீட்டின் காலம் கிடைக்கும் என்று அவர் அந்த மரத்தடி மேல் உயிரையே வைத்திருந்தார். அதற்குள் மாடோ குரங்கோ வந்து எதையும் கலைத்துவிடக்கூடாது. "மாடுதான் மாஸ்டர், வேறு ஒன்றும் வராது" என்றார்.

குடையைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டின் இந்தப் பக்கம், குழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பார்க்காவிட்டால் இல்லை என்பது என் கொள்கை. பொட்டலத்து விபூதியில் பாதியை நெற்றியிலும் கழுத்திலும் கையிலும் அப்பிக்கொண்டேன். காற்று திடீரென்று நின்றது. கச்சான் காற்று நின்றால் அந்தக் காட்டில் கேட்கும் அமைதி இருக்கிறதே, அது காதுக்குள் யாரோ விரலை வைத்த மாதிரி. ஒரு பறவையில்லை. ஒரு பூச்சியில்லை. பிறகு முதுகுக்குப் பின்னால், மண்மேட்டுக்கு அந்தப் பக்கம்:

சர்ர்... சர்ர்... சர்ர்...

அவசரமில்லாத கூட்டல். ஒரு மூலையில் நின்று, நகர்ந்து, அடுத்த மூலைக்குப் போகிறது. நடுவில் ஒரு தரம் நின்றது. நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிற அளவுக்கு நின்றது. பேய்க்கு இடுப்பு வலிக்குமா என்று யோசித்தேன். அது நான் யோசித்த கடைசி யோசனை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, குளக்கட்டில் நானாவின் கிழங்குச் சட்டிக்கு மேல் நான் விழுந்து கிடந்ததும், என் இடது செருப்பு இல்லாததும், குடை மட்டும் விரித்தபடியே கையில் இருந்ததும்தான்.

அன்றைக்கு முகாமுக்கு என்னைவிட்டால் வேறு பேச்சில்லை. மாணவர்கள் என்னைக் கண்டால் "சர்ர்" என்றார்கள். நானா அகப்பையால் சட்டியைத் தட்டிக்கொண்டு, "ஜின் வந்து கூட்டிக்கிட்டு ஈக்கிதுண்டா அது நல்ல ஜின் தானே மாஸ்டர். எங்கட வூட்டு ஆக்களே இந்த வெயில்ல கூட்ட மாட்டாங்க. கைப்புடியா இங்க கூட்டியாந்தா ரெண்டு கோப்ப கழுவவும் உதவும்" என்றார். பேராசிரியர் சிரிக்கவில்லை. பயமாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம், அதில் வெட்கமில்லை என்று மென்மையாகச் சொன்னார். வீட்டுக்குப் போனால் உயர்தர வகுப்பு போய்விடும். மறுநாளும் நானே காவல் இருக்கிறேன் என்று சொன்னது என் வாய்தான். கால்களை அது கேட்கவில்லை.

இந்த முறை குழியைப் பார்த்தபடி, மண்மேட்டுக்குப் பின்னால் படுத்தேன். மிச்ச விபூதி முழுவதையும் பூசிக்கொண்டேன். மேட்டிலிருந்து சரிந்த சாம்பல் நிறப் புழுதியும் என் மேல் படிந்தது. காற்று நின்றது. அமைதி வந்தது. விளாமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள்.

மெலிந்த பெண். நிறம் போன சேலை. கையில் விளக்குமாறாகக் கட்டிய மிலாறுக் குச்சிகள். முதலில் மரத்தடியில் குனிந்து கூட்டினாள், கொஞ்ச இடந்தான், கைக்குட்டையை விரித்தாற்போல. பிறகு சுற்றி வந்து, வாசல் வழியாகக் குழிக்குள் இறங்கி, பின்சுவர்ப் பக்கம் போய், அங்கிருந்து தொடங்கினாள். சர்ர்... சர்ர்... என் கண்ணாடி வியர்வையில் மங்கியது. கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சேலைக் கரைக்குக் கீழே பார்த்தேன். இரண்டு கால்கள். பித்தவெடிப்பு விழுந்த கால்கள். ஒரு காலில் சேறு. இதைவிட நிம்மதியான காட்சியை என் ஆயுளில் நான் கண்டதில்லை.

அந்த நிம்மதியில் எழுந்து நின்றேன். அதுதான் பிழை. அவள் பார்த்தது என்ன? பாழ்மண் மேட்டின் பின்னாலிருந்து, உச்சிவேளையில், உடம்பெல்லாம் வெளுத்து, தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசிய ஒரு பெருத்த உருவம் எழும்புகிறது. மிலாறு கையிலிருந்து விழுந்தது. முழங்காலில் உட்கார்ந்து கும்பிட்டாள்.

"சாமி, கூட்டத்தான் வந்தேன். ஒண்ணும் பண்ணிராதீங்க சாமி."

"நான் சாமியில்லம்மா. மாஸ்டர். உக்குவள மாஸ்டர்."

அவள் உடனே நம்பவில்லை. தலையைத் தாழ்த்தி, மெதுவாக, என் காலைப் பார்த்தாள். ஒரே ஒரு செருப்புப் போட்டிருந்தேன். பேய் ஒற்றைச் செருப்போடு வராது என்று முடிவு செய்திருப்பாள் போல, மூச்சு விட்டாள்.

அவள் சொன்னதை நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டேன். மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தவர்கள். வேலை குறைந்து, ரேஷன் குறைந்து, கிழங்கும் கிடைக்காத நிலையில் புருஷனோடு கிளம்பி, இங்கே ஒரு முதலாளியின் வெங்காயக் கொல்லையில் கூலிக்கு வந்தார்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் குடிசை. இங்கே வந்துதான் பிள்ளை பிறந்தது. பெண். பேர் வைக்குமுன்னே காய்ச்சல் வந்து போய்விட்டது. ஊர்ச் சுடுகாடு இவர்களுக்கு இல்லை. தோட்டத்துச் சுடுகாடு தொலைவில். புருஷன்தான் இரவோடிரவாகக் கொண்டுவந்து விளாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். எந்த அதிகாரியிடமும் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் பட்டியலில் இப்போது அவர்கள் பெயர் வந்துவிட்டது. இந்தியாவுக்கு. அடுத்த கிழமை தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பல். அதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"மரத்தடிய கூட்டுற, சரி. இந்தக் குழிக்குள்ள எறங்கி எதுக்கும்மா கூட்டுற?"

"இது வீடு தானுங்களே, ஐயா. வாச தெரியுதுங்களே."

"யாரு வீடுன்னு தெரியுமா?"

"யாரு வீடோ. நாங்க போயிட்டா புள்ள தனியா கெடக்குமுங்க. பக்கத்துல இருக்கிறது இவங்க மட்டுந்தான். ஒருத்தர் கிட்ட புள்ளய பாத்துக்கங்கன்னு கேக்கணும்னா, மொதல்ல நாம ஏதாச்சும் ஒத்தாச செய்யணுமில்லீங்களா. எங்கிட்ட வேற என்ன இருக்கு. கூட்டி வுடுறேன்."

நான் அந்தக் கறுப்பு வட்டங்களைப் பார்த்தேன். அத்தனை நாளும் என்னைப் பயமுறுத்தியவை. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்ற என் எண்ணத்தில் இம்மியும் மாற்றமில்லை. எனக்குப் பயமாக இருந்த அதே விஷயம் இவளுக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் மரத்தடியில் அடித்திருந்த ஆணிகளைக் காட்டினாள். நூலையும் காட்டினாள். "இங்கயும் வெட்டப் போறீங்களா? எலும்ப எடுத்துப் பையில போட்டு நம்பரு கட்டுறாங்களே, மரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். எம்புள்ளைக்குப் பேரே இல்லீங்க, ஐயா. அதுக்கு நம்பரு மட்டும் போட்டுறாதீங்க."

வெட்டுவது மறுநாள் காலை. பேராசிரியரிடம் சொல்லிவிடலாமே என்றேன். அவள் என் ஒற்றைச் செருப்பைத் தொட்டு வேண்டாம் என்றாள். போலீஸ் வரும், விசாரணை வரும், ரயில் அவர்களை விட்டுவிட்டுப் போகும். யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுக்கும்போது எனக்கு யோசனை ஒன்றும் இல்லை. யோசனை இருந்தால் வாக்குக் கொடுத்திருப்பேனா?

அன்று மாலை முழுவதும் யோசித்தேன். ஆணியைப் பிடுங்கினால் மறுபடி அடிப்பார்கள். மரத்தில் குளவி இருக்கிறது என்றால் புகை போடுவார்கள். வாதாடி ஜெயிக்கலாம் என்றால், அடுப்படி ஆசை பிடித்த பேராசிரியரை வெல்ல எனக்குச் சரித்திரம் போதாது. என்னிடம் இருந்த ஒரே சொத்து, நான் பயந்தாங்கொள்ளி என்று அத்தனை பேருக்கும் இருந்த அசையாத நம்பிக்கை. அதை எடுத்துச் செலவழிக்கலாம் என்று தோன்றியது. செலவழித்தால் முகாமும் போகும், வகுப்பும் போகும் என்பதும் தெரிந்தது. உயர்தர வகுப்பின் நாற்காலியைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். கை வைத்த நாற்காலி அது.

காலையில் எல்லோரும் விளாமரத்தடிக்கு வந்தார்கள். ஊர் ஆட்களில் மூத்தவர் மண்வெட்டியை ஓங்கினார். நான் கத்திக்கொண்டு போய் அவர் காலடியில் விழுந்தேன்.

மாரியம்மன் தேரில் எத்தனை பேருக்குச் சாமி வந்து பார்த்திருக்கிறேன். உடம்பை முறுக்குவதும் பல்லைக் கடிப்பதும் தெரியும். ஆனால் விழுந்த பிறகுதான் ஒரு சிக்கல் புரிந்தது. என் மேல் வந்திருப்பது ராஜாக்களுக்கு முந்திய காலத்து ஆவி. அது எந்தப் பாஷையில் பேசும்? தமிழில் பேசினால் நாளைக்கே பத்திரிகையில் சண்டை. பாராளுமன்றம் வரைக்கும் போகும். சிங்களத்தில் பேசினால், ஆவிக்கு இலக்கணம் வராது என்பதை அங்கிருந்த பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நாட்டின் நன்மையை முன்னிட்டு ஆவியை ஊமையாக்கினேன். ஊளையிட்டேன். மண்ணில் புரண்டு, மரத்தைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் கீறினேன். அதற்குள் நீண்ட கைகளை எல்லாம் தட்டிவிட்டேன்.

அதுவரை நடிப்பு. பிறகு என் கன்னம் அவள் கூட்டியிருந்த அந்தக் கைக்குட்டை அளவு மண்ணில் பட்டது.

சுற்றிலும் காலை வெயிலில் மண் காய்ந்துகொண்டிருந்தது. அந்த இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. நனைந்த குளிர்ச்சியல்ல, நிழலில் தூங்குகிற பிள்ளையின் நெற்றி மாதிரி. எனக்கு அழுகை வந்தது. அழுவது என் திட்டத்தில் இல்லை. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. என் குரல் மாதிரியும் இல்லை. மெல்லிய, நீண்ட ஒரு குரல், என் தொண்டையைக் கடன் வாங்கிக்கொண்டது போல. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இன்றைக்கு வரைக்கும் அந்தப் பகுதியைப் பற்றி நான் வேடிக்கையாகப் பேசுவதில்லை. பேச முயன்றிருக்கிறேன், வரவில்லை.

கண் திறந்தபோது மூத்தவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கும்பிட்டு நின்றார். இந்த மரத்தடியில் கை வைக்க மாட்டோம் என்று பேராசிரியரிடம் சொன்னார். மற்றவர்களும் மண்வெட்டிகளை வைத்தார்கள். நானா தண்ணீர்ச் செம்போடு வந்து என் தலையைத் தூக்கிப் பிடித்து, காதோடு காதாக, "ஊள கொஞ்சம் கூடிப் போச்சு மாஸ்டர். அழுக மட்டும் அசல் அழுக" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் செம்பை என் வாயில் வைத்தார்.

பேராசிரியர் ஆணிகளைப் பிடுங்கி, வீட்டின் மற்றப் பக்கத்தில் அடிக்கச் சொன்னார். மாலையில் என்னைத் தம் கூடாரத்துக்கு அழைத்து, தேநீர் தந்தார். வெறும் தேநீர், கடித்துக்கொள்ளச் சீனி இல்லை.

"மாஸ்டர், ஆவேசம் வந்த மனிதர் விழுவதற்கு முன்னர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பதை இன்றைக்குத்தான் கண்டேன்."

நான் தேநீரைப் பார்த்தேன்.

ஒருமுறை வெட்டிய மண் மறுபடியும் பழையபடி படுக்காது என்று அவர் சொன்னார். ஆணி அடிக்கும்போதே மரத்தடி மண்ணின் நிறத்தைக் கண்டிருக்கிறார். சின்னக் குழி. ஆதிகாலத்துக் குழியாக இருக்கும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். "ஆதிகாலம் இல்லையா?" என்று கேட்டார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் வெளியே இருட்டத் தொடங்கிய காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது. நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லவும் இல்லை" என்றார். பிறகு, ஆவி வந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஆட்கள் மண்ணைத் தொட மாட்டார்கள் என்றும், நான் நாளைக்கே போக வேண்டியிருக்கும் என்றும், முடிக்காதவருக்கு முடித்ததாக எழுதிக்கொடுக்கத் தம்மால் முடியாது என்றும் வருத்தத்தோடு சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுப்படியை விட்டுக்கொடுத்த மனிதர்.

மறுநாள் நானாதான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டோரத்துப் பஸ் பாதை வரைக்கும் வந்தார். பஸ் வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. காற்று நின்றது. காட்டுக்குள்ளிருந்து, மெலிதாக, அது கேட்டது. சர்ர்... சர்ர்...

அவள் கடைசித் தடவையாக வந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு கவனித்துக் கேட்டேன். ஒரு விளக்குமாறு அல்ல. ஒன்று கூட்டி நிற்க, மற்றது தொடங்கியது. மற்றது நிற்க, முதலாவது. விடியற்காலையில் தோட்டத்து லய வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வாசலை இரண்டு பெண்கள் கூட்டும்போது கேட்குமே, அப்படி. நானாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. காய்ந்த இலையாக இருக்கும் என்று நான் சொன்னேன். எலதான் என்று அவரும் சொன்னார். பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டோம். அவர் ஏற வேண்டிய அவசியமே இல்லை, அடுத்த சந்தியில்தான் நினைவு வந்து இறங்கினார்.

வீட்டின் மற்றப் பக்கம் வெட்டியதில் கல்லைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தலைமையாசிரியர் ஏன் பாதியில் வந்தீர்கள் என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். அதற்கு மேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உக்குவளையில் ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால்தான் ஆயிரம் கேள்வி. உயர்தர வகுப்பு கண்டியிலிருந்து வந்த ஓர் இளைஞருக்குப் போனது. நல்ல பையன், வௌவாலுக்கும் அசையமாட்டான். நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஆறாம் வகுப்பிலேயே இருந்தேன்.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் ஆதிமனிதரின் குடியிருப்பு என்று ஒரு பாடம் உண்டு. அவர்கள் வேட்டையாடினார்கள், பானை வனைந்தார்கள், தானியம் பயிரிட்டார்கள் என்று புத்தகத்தில் இருக்கும். அதைப் படித்து முடித்துவிட்டு, புத்தகத்தை மூடிவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி நான் கூடச் சொல்வேன். பெரும்பாலான பிள்ளைகள் அதைக் காதில் வாங்குவதில்லை. ஒரு வருஷம் ஒரு சின்னப் பெண் பரீட்சையில் அதையும் எழுதி வைத்திருந்தாள். புத்தகத்தில் இல்லாத விடை. சிவப்புப் பேனையை எடுத்து, சரி போட்டேன்.